சேமிக்காமலே சொன்ன நன்றி

மம்சாபுரம்
1-7-2025, செவ்வாய்

சத்யா அக்காவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய். கடையை விட்டு வெளியே போகச் சொன்னது என்னைத்தானே.

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் "ம்" போடுவேன், கடைசியில் நீ சொன்னதே நியாயம் என்று முடியும். வாட்ஸ்அப் என்றால் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். வேண்டாம் என்றால் அழித்தும்விடுவாய். காகிதத்தில் எழுதியதை அழிக்க முடியாது. அதனால்தான் பெரியம்மாவிடம் உன் விடுதி விலாசத்தை வாங்கினேன்.

சனிக்கிழமை நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். நாம் வேலை பார்த்த வெப்சைட் கடைக்குள் எல்லோரும் இருக்கும்போது, முதலாளி சமுத்திரம் சார், "ஒம்பதாங்கிளாஸோட நின்னது கையில கோட் எழுதக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். நீ பக்கத்தில் நின்றாய். பேசாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "சேமி ஃபங்ஷன் அவ எழுதினதுதான் சார்" என்றாய். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நாளையில இருந்து வர வேண்டாம்மா" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

ஆமாம், நான்தான் எழுதினேன். போலீஸ் பரீட்சைக்குப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிற ராஜபாளையம் அறக்கட்டளைக்கு நாம் செய்த பதிவுப் பக்கம் அது. பதிவு பட்டனை அழுத்தினால் மூன்று ஃபங்ஷன், மூன்று தனித்தனிக் கட்டளைத் துண்டு, வரிசையாக ஓட வேண்டும். முதலில் "சரிபார்": பேரும் போன் நம்பரும் சரியா என்று பார்க்கும். அடுத்து "சேமி": அதைப் பட்டியலில் சேர்க்கும். மூன்றாவது "நன்றி": "உங்கள் பதிவு கிடைத்தது, நன்றி" என்று காட்டும். முதல் இரண்டும் நான் எழுதியவை. மூன்றாவது நீ பிறகு வந்து சேர்த்தது. பக்கம் திறந்த முதல் நான்கு நாள் முப்பத்தெட்டுப் பேர் பதிவானார்கள். அப்போது என் இரண்டும் ஓடின. ஒன்பதாங்கிளாஸ் எழுதியது தானாகக் கெட்டுப்போகுமா?

முனீஸ்வரியை உனக்குத் தெரியும். எங்கள் தெருக்காரி, விடிகாலையில் மில் ரோட்டில் ஓடுவாளே, அவள். ஜூன் பதினான்காம் தேதி அவள் போனில் நான்தான் எல்லாம் நிரப்பினேன். பட்டனை அழுத்தியது என் விரல். நன்றி என்று வந்தது. அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவள் அம்மாவுக்குக் காட்டினாள். இப்போது அறக்கட்டளைப் பட்டியலில் அவள் பேர் இல்லை. அவளோடு சேர்த்து இருபத்தேழு பேர் அங்கே போய்க் கேட்டிருக்கிறார்கள். "எங்க பக்கத்துல தப்பில்லை, கிராமத்துப் பிள்ளைகளுக்கு நிரப்பத் தெரியலை" என்று சார் அங்கே சொல்லியிருக்கிறார். வெளியே பழி பிள்ளைகள் மேல். உள்ளே பழி என் மேல். கடைக்கு ஒன்றுமே இல்லை.

பயிற்சி வகுப்பு இந்த மாதம் இருபத்தோராம் தேதி தொடங்குகிறது. எனக்கு இப்போது கம்ப்யூட்டர் கிடையாது. பக்கத்தின் நகல் உன் லேப்டாப்பில் இருக்கிறது. என் "சேமி"யை மட்டும் தனியாக ஒரு வெற்றுப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார். ஓடுகிறதா இல்லையா என்று எழுது. அது மட்டும் போதும்.

நாகஜோதி

*

ராஜபாளையம், விடுதி
3-7-2025

ஏட்டி ஜோதி,

நீ என்ன காரியம் பண்ணிட்ட! எங்க விடுதிக்கு லெட்டர்னு வந்தே வருஷம் ஆச்சு. வார்டன் மேடம் ஏதோ காதல் கடுதாசின்னு நினைச்சு அவியளே பிரிச்சுட்டாவ. ரெண்டு பக்கம் படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இந்தச் சேமி, உன்னைய என்ன பண்ணுனா?"ன்னு கேக்காவ. பிள்ளைக எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை.

நான் என்ன செய்ய? சார் நேரா என்னையப் பாத்து "யார் எழுதினது"ன்னு கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன். உன்னைய அனுப்பச் சொல்லி நான் சொல்லலையே.

சரி, நீ கேட்டதைப் பண்ணிட்டேன். புதுசா ஒரு பக்கம், ஒரே ஒரு பட்டன், உன் சேமி மட்டும். ஓடுது. பேரு பட்டியல்ல ஏறுது. எனக்கே ஆச்சரியம்தான். ஆனா முழுப் பக்கத்துல அழுத்தினா ஏற மாட்டேங்கு. நெட் கோளாறா இருக்கும்னு நினைக்கேன். இல்ல அந்தப் பிள்ளைக போன் பழசா இருக்கும்.

இதை இத்தோட விட்டுரு ஜோதி. இந்தப் பக்கம்தான் என்னோட காலேஜ் ப்ராஜெக்ட். இருபத்தஞ்சாம் தேதி ரிவ்யூ. சமுத்திரம் சார் கையெழுத்து இல்லாம என்னை உள்ளயே விட மாட்டாவ. அவரை இப்பப் போயி கிண்டிக்கிட்டு இருக்க முடியாது. உனக்கு வேற எடத்துல வேலைக்கு நான் சொல்லி வைக்கேன்.

சத்யா

*

மம்சாபுரம்
5-7-2025

அக்கா,

"எனக்கே ஆச்சரியம்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன். நான் எழுதியது ஓடினால் உனக்கு என்ன ஆச்சரியம்? கடையில் நீ விட்டுப்போன பிராக்கெட்டை எல்லாம் சனிக்கிழமை தோறும் தேடி மூடி வைத்தது யார்? அப்போது ஆச்சரியம் வரவில்லையா?

வேறு வேலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நெட் கோளாறு என்றால், முதல் நான்கு நாளுக்குப் பிறகு பதிவு மூடுகிற வரை இருந்த பதினோரு நாளில் ஒருத்தி பேராவது தப்பித் தவறி ஏறியிருக்கும். பழைய போன் என்றால் முதல் நான்கு நாள் பதிவு செய்தவர்கள் எல்லோரும் புதுப் போன்காரர்களா? தனியாக ஓடுகிற ஒன்று சேர்த்து வைத்தால் ஓடவில்லை. அப்படியானால் அதை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருக்கும். அது என்னைப் போல வாயடைத்து நிற்காது.

இப்போது சொல்கிறபடி செய். மூன்று ஃபங்ஷனிலும் முதல் வரியாக ஒரு அலர்ட் போடு. சரிபாரில் 1, சேமியில் 2, நன்றியில் 3. பட்டனை ஒரே ஒரு முறை அழுத்து. எந்த எண் எல்லாம் பெட்டியாக வருகிறது, எந்த வரிசையில் வருகிறது என்று எழுது. யோசித்து எழுதாதே, கண்ணில் பட்டதை எழுது. இன்னொன்று, பட்டியலில் கடைசியாக ஏறிய பேர் எது, அதற்குப் பக்கத்தில் என்ன தேதி, மணி?

முனீஸ்வரி என்னோடு பேசுவதில்லை. நேற்று குழாயடியில் அவள் குடம் நிறைகிற வரை நான் நின்றேன். அவள் அப்பா முத்துராமலிங்கம் மாமா வந்து, "இவ போன்ல எதை அழுத்தித் தொலைச்சாளோ, ஊரெல்லாம் போயி பொய் சொல்லிட்டு வந்திருக்கா" என்று அவளைத் திட்டினார். அழுத்தியது நான் மாமா என்று சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜோதி

*

ராஜபாளையம்
8-7-2025

ஜோதி,

போட்டுப் பாத்தேன். 3 மட்டும்தான் வந்துச்சு. 1 வரலை, 2 வரலை. மூணு தடவை அழுத்தினேன், மூணு தடவையும் அதேதான்.

நான் சோதிச்சுப் போட்ட பேரை விட்டா, கடைசியா ஏறின பேரு சுந்தரபாண்டியத்துல இருந்து அங்காளம்மாள்னு ஒரு பிள்ளை. ஜூன் 12, வியாழக்கிழமை, சாயந்தரம் 4.40.

என் நன்றியை நான் என்னைக்குச் சேத்தேன்னு ஞாபகம் இல்லை. அந்த வாரம்தான்னு நினைக்கேன்.

நீ ஒன்னும் பெரிய யோக்கியம் மாதிரி எழுதாத. சார் உன்கிட்ட "ஓடுதாம்மா"ன்னு கேட்டப்ப நீயும்தான தலையை ஆட்டுன. அவருகிட்ட நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

சத்யா

*

மம்சாபுரம்
10-7-2025

அக்கா,

உண்மைதான். தலையாட்டினேன். அதை நீ சொல்வதற்கு முன்னால் நானே எழுதியிருக்க வேண்டும்.

முதல் நான்கு நாள் முப்பத்தெட்டுப் பேர். அதற்குப் பிறகு பதினோரு நாள் அதே முப்பத்தெட்டு. தினமும் காலையில் பார்த்தேன். எனக்கு உறுத்தியது. முனீஸ்வரி பேராவது இருக்க வேண்டுமே என்று தேடினேன், இல்லை. சொல்லலாம் என்று சார் மேஜைக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். காத்து நின்றேன். அவர் போனை வைக்காமலே, "என்னம்மா, பக்கம் ஓடுதா?" என்றார். பட்டனை அழுத்தினால் நன்றி வந்ததைப் பார்த்திருந்தேன். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் எழுந்து நின்று விடை தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். அங்கே நஷ்டம் எனக்கு மட்டும்தான். இங்கே அப்படி இல்லை. என் பங்கை நான் யார் மேலும் போடவில்லை.

ஆனால் உன் பங்கு என்ன என்று இப்போது எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததும் நோட்டை எடுத்துப் பக்கம் முழுவதையும் நினைவிலிருந்து பேனாவால் எழுதினேன். பட்டன் வரியிலேயே, அழுத்தினால் எது ஓட வேண்டும் என்று சொல்கிற ஆன்கிளிக்கை நான் போட்டு, சரிபார், சேமி இரண்டையும் வரிசையாகக் கூப்பிட்டிருந்தேன். நீ அந்த வரியைத் தொட்டிருக்க மாட்டாய். தனியாக உன் ஸ்கிரிப்டின் கடைசியில், இந்தப் பட்டனின் ஆன்கிளிக் என்பது இனி "நன்றி" என்று ஒரு வரி எழுதியிருப்பாய். சரிதானா?

ஆன்கிளிக் என்பது பட்டனுக்கு அடித்த ஒரே ஒரு ஆணி. அதில் என் இரண்டு சட்டை தொங்கியது. நீ வந்து அவற்றைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு உன்னுடையதை மாட்டினாய். பார்க்கிறவர்களுக்கு ஆணியில் சட்டை தொங்குகிறது, எல்லாம் சரி. 1 வரவில்லை, 2 வரவில்லை, 3 மட்டும் வந்தது என்றால் வேறு வழியே இல்லை. உன் லேப்டாப்பில் இல்லை, நெட்டில் ஏற்றியிருக்கிற கோப்பை நீ கடைசியாக மாற்றிய தேதியையும் பார்.

அக்கா, எனக்குக் கோபம் நீ தப்பாக எழுதினதற்கு இல்லை. நானும்தான் தப்பாக எழுதுவேன். அந்தப் பக்கம் ஒரு வேலையும் செய்யாமல் பதினோரு நாள் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதை நம்பினார்கள். நம்பினவர்களைப் பொய்க்காரிகள் என்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அறக்கட்டளைக்குப் போ. வெங்கடேஸ்வரி மேடம்தான் சேர்க்கை பார்க்கிறார்கள், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். பக்கம்தான் தப்பு, ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிற பிள்ளைகள் சொல்வது உண்மை என்று சொல். எழுதியவள் நீ. நீ சொன்னால்தான் எடுபடும்.

ஜோதி

*

ராஜபாளையம்
14-7-2025

ஜோதி,

நீ சொன்ன வரி அப்படியே இருக்கு. நெட்டுல இருக்க கோப்போட தேதி ஜூன் 12, சாயந்தரம் 5.05. நோட்டுல எழுதிப் பாத்தா கண்டுபிடிச்ச? நான் லேப்டாப்பை முன்னால வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பாத்தும் தெரியலை.

சாப்பாடு எறங்கலை. ஆனா என்னால இப்பப் போக முடியாது. நான் போயிச் சொன்னா சார் கையெழுத்துப் போட மாட்டாரு. ஒரு வருஷம் போயிரும். எங்கய்யா வாழைத்தோட்டத்துல கூலிக்கு நிக்கிறது உனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சாம் தேதி ரிவ்யூ முடியட்டும். மறுநாளே போறேன். சாமி சத்தியமா.

மூணையும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள வரிசையாக் கூப்பிட்டு, பக்கத்தைச் சரி பண்ணிட்டேன். யாருக்கும் தெரியாது. இனிமே அந்தத் தப்பு வராது. மன்னிச்சுரு.

சத்யா

*

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு
17-7-2025, வியாழன்

அக்கா,

யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டாயா? நேற்று சார் அறக்கட்டளைக்காரர்களைக் கடைக்கு வரவழைத்து, அவர்கள் முன்னாலேயே பட்டனை அழுத்திக் காட்டியிருக்கிறார். பேர் ஏறியதாம். "பாத்தியளா, நம்ம பக்கம் எப்பவுமே இப்படித்தான் ஓடுது. பிள்ளைக சும்மா சொல்லுது" என்றாராம். நீ தப்பைத் திருத்தவில்லை அக்கா. அந்தப் பிள்ளைகள் கையில் இருந்த கடைசிச் சாட்சியையும் துடைத்துவிட்டாய்.

வகுப்பு இருபத்தொன்று. உன் ரிவ்யூ இருபத்தைந்து. இருபத்தாறாம் தேதி நீ போய்ச் சொல்வதற்கு அங்கே யார் காத்திருப்பார்கள்?

இன்று காலை முனீஸ்வரி வீட்டுக்குப் போனேன். முத்துராமலிங்கம் மாமாவிடம், "பட்டனை அழுத்தினது நான்தான் மாமா. அவ பொய் சொல்லலை" என்றேன். குரல் அவருக்குக் கேட்டதோ என்னவோ, முனீஸ்வரிக்குக் கேட்டது. அவளும் நானும் பஸ் ஏறி வந்தோம். உன் மூன்று கடிதமும் என் பையில் இருந்தன. "3 மட்டும்தான் வந்துச்சு" என்பது உன் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது. ஜூன் 12, 5.05 என்பதும் இருக்கிறது. அதை மேஜை மேல் வைத்தால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

அறக்கட்டளை வாசலுக்கு எதிரில், ஒரு டயர்க் கடை நிழலில் ஒரு மணி நேரம் நின்றோம். "என்னட்டி, பயமாயிருக்கா?" என்று கேட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதனால் நிற்கவில்லை. உனக்குத் தெரியாமல் உன் கடிதத்தைக் காட்டுவது, அன்றைக்குக் கடையில் நீ எனக்குச் செய்ததற்குச் சமம். என்னால் அது ஆகவில்லை. முனீஸ்வரியிடம் சொன்னேன். "கிறுக்கச்சி" என்று திட்டினாள். பிறகு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

உன் கடிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். விடுதி வாசலில் வார்டன் மேடத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இவை உன்னுடையவை. கிழிக்கலாம், அறக்கட்டளைக்குக் கொண்டுபோகவும் செய்யலாம். கொண்டுபோகிற தூரம் உன் விடுதியிலிருந்து நான்கு தெரு.

ஜோதி

*

ராஜபாளையம்
18-7-2025

ஜோதி,

இதை எங்க கிளாஸ்ல மம்சாபுரத்துல இருந்து வார வெங்கடேஸ்வரி... இல்ல, அவ பேரு சண்முகத்தாய், பதட்டத்துல பேரு எல்லாம் மாறுது, அவ கையில குடுத்துவிடுறேன்.

போயிட்டேன். இன்னைக்குக் காலையில, கிளாஸுக்குப் போகாம. லேப்டாப்பையும் கொண்டுபோனேன். அந்த வரியைத் திரும்பப் பழைய மாதிரியே போட்டு, மேடம் விரலாலயே பட்டனை அழுத்தச் சொன்னேன். நன்றின்னு வந்துச்சு. பட்டியலைத் தொறந்து காட்டினேன். ஒன்னும் ஏறலை. மேடம் இன்னொரு தடவை அழுத்திப் பாத்தாவ. பொறவு, "அப்ப இந்தப் பிள்ளைகளை நான் என்னன்னு சொல்லித் தொரத்தினேன்"னு அவியளே கேட்டுக்கிட்டாவ.

கடுதாசியையும் படிச்சாவ. "யாரு இந்த ஜோதி, எந்தக் காலேஜ்?"ன்னு கேட்டாவ. "காலேஜ் இல்ல மேடம், ஒம்பதாவதோட நின்னுட்டா. அவளைத்தான் சார் வெளியே அனுப்பினாரு, நான்தான் அவ பேரைச் சொன்னேன்"னேன். சொல்லும்போது எனக்கு உன் குரல் மாதிரிதான் வந்துச்சு. பாதிதான் கேட்டிருக்கும்.

இருபத்தேழு பேரையும் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாவ. பெஞ்சு பத்தாது, ஜமுக்காளம் விரிச்சாச்சும் உக்கார வைப்பேன்னு சொன்னாவ.

சாருக்கு மத்தியானமே போன் போயிட்டு. கையெழுத்துக் கிடையாதாம். எங்க டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. கிட்டச் சொல்லிப் பாக்கணும். அழுகையா வருது. ஆனா சாப்பாடு எறங்குது.

ஏதாச்சும் எழுது.

சத்யா

*

மம்சாபுரம்
19-7-2025

அக்கா,

சண்முகத்தாய் கொண்டுவந்து கொடுத்தாள். நீயே உன் வரியைத் திரும்பப் போட்டுக் காட்டினது எனக்குப் பிடித்தது. என் கோபம் பாதிதான் போயிருக்கிறது. ஜூன் இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை அன்று நான் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று உனக்குத் தெரியாது. அது போவதற்கு நாளாகும்.

உன் ஹெச்.ஓ.டி.க்குக் கொடுக்க, தப்பை எப்படித் தேடினோம் என்று ஆரம்பத்திலிருந்து நோட்டில் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். 1, 2, 3 எல்லாம் இருக்கிறது. சார் கையெழுத்தை விட அது உனக்கு உதவும். வந்து வாங்கிக்கொள்.

நீ திருத்தினதிலும் ஒரு தப்பு இருக்கிறது. வரிசையாகக் கூப்பிட்டிருக்கிறாய், சரி. ஆனால் "சேமி" போய்ச் சேமித்துவிட்டுத் திரும்பி வருவதற்கு "நன்றி" காத்திருக்கவில்லை. நெட்டை அணைத்துவிட்டு அழுத்திப் பார், அப்போதும் நன்றி சொல்லும். பேர் ஏறிவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் மூன்றாவதைக் கூப்பிட வேண்டும்.

அதனால் நானும் இந்தக் கடிதத்தில் உனக்கு நன்றி எழுதவில்லை. பிள்ளைகளை வரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை ஆகட்டும்.

ஜோதி

*

ராஜபாளையம்
21-7-2025, திங்கள்

சத்யா அக்காவுக்கு,

முனீஸ்வரி உள்ளே போய்விட்டாள். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சு. வருகைப் பதிவேட்டில் அவள் பேரை வாசித்தார்கள். அவள் "உள்ளேன்" என்று சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. விட்டுப்போன மற்றவர்கள் பேரையும் தனியாக வாசிக்க வாசிக்க, அவளோடு சேர்த்து எண்ணினேன். இருபத்தேழு.

நன்றி.

ஜோதி